வீட்டுத்தோட்டச் சங்கம், சேலம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். போன ஆடி தொடங்கி இந்த ஆனி வரை நடந்ததைச் சொல்கிறேன். வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார்.

சூரமங்கலம் உழவர் சந்தை அருகே ஞாயிறு காலை போடும் ஆலோசனை மேசை, மழை நாட்கள் தவிர, தொடர்ந்து நடந்தது. வருகிறவர்கள் எடுத்ததும் கேட்பது, "என்ன மருந்து அடிக்கலாம்?" முதலில் இலையைத் திருப்பிப் பாருங்கள் என்கிறோம். மாவுப்பூச்சி என்றால் தண்ணீரைப் பீய்ச்சி அடித்துவிட்டு, லிட்டருக்கு 5 மில்லி வேப்ப எண்ணெயைக் காதி சோப்புக் கரைசலில் கலந்து சாயங்காலம் தெளித்தாலே பெரும்பாலும் அடங்கும். நம் பக்கத்து மரவள்ளியைப் பப்பாளி மாவுப்பூச்சி தின்றபோது அதை அடக்கியது 2010இல் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து விட்ட ஒரு குட்டிக் குளவி. கண்ட மருந்தையும் அடித்தால் அதுவும் சேர்ந்து சாகும். ஒரு அண்ணன் பூச்சி பிடித்த செம்பருத்திக் கிளையைத் திறந்த பையில் கொண்டுவந்து, மேசையிலிருந்த நாற்றுகளுக்கும் ஏற்றிவிட்டுப் போனார். அப்புறம்தான் "பையைக் கட்டிக் கொண்டு வரவும்" என்று அட்டை வைத்தோம்.

வீடு தேடிப் போகும் தொண்டர்களுக்குப் பாடம் கன்னங்குறிச்சியில் கிடைத்தது. மாடியில் சுரைக்கொடி, பூ நிறைய, காய் இல்லை. காலை பத்து மணிக்குப் போய் மண்ணைக் கிளறி, உரம் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தோம். அந்த வீட்டுப் பாட்டிதான், "சுரைப்பூ பொழுது சாய்ந்துதானே விரியும், நீங்க இப்ப வந்து என்ன பார்ப்பீங்க?" என்றார். சரிதானே! மகரந்தம் சேர்க்கும் அந்திப்பூச்சிகள் மூன்றாம் மாடிக்கு அதிகம் வருவதில்லை. மறுபடி மாலையில் போய், ஆண் பூவைப் பறித்து, அடியில் பிஞ்சு உள்ள பெண் பூவில் தடவிக் காட்டினோம். காய் பிடித்தது.

ஏற்காட்டில் வாங்கிய பூச்செடி கீழே வந்து வாடுவது குறித்த புலம்பல் இந்த ஆண்டும் ஓயவில்லை. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம், சேலம் 300க்கும் கீழே. நாம் என்ன செய்ய?

ஒரு தவறு நம்முடையது. விதை இலவசமாகக் கிடைத்ததே என்று சித்திரை வெயிலில் தக்காளி விதை கொடுத்தோம். முளைத்ததும் கருகியது. இனி ஆடிப்பட்டத்துக்கு முன் தருவதில்லை என்று செயற்குழு முடிவெடுத்துள்ளது. நமக்குப் பிடிபடாத நோய்களைச் சந்தியூர் வேளாண்மை அறிவியல் நிலையத்துக்கு அனுப்புவது தொடரும்.

மாலை ஆறு மணிக்கு மேல் வரக்கூடிய தொண்டர்கள் தேவை. சங்கத்தின் கைத்தெளிப்பான் யாரிடம் இருக்கிறதோ, அவர் அடுத்த ஞாயிறு மேசைக்குக் கொண்டு வந்துவிடவும்.