தலைக்கு மேல ஒரு குளம்

தம்பி,

பாரிஸ்ல இருந்து நீ அனுப்புன போட்டோ எல்லாம் பாத்தேன்பா. அந்த ஒராஞ்சரி மியூசியத்துல பிரெஞ்சு ஓவியர் மோனே வரைஞ்ச அல்லிக்குளம், 8 பெரிய படம், ரெண்டு ஓவல் ரூம்ல சுத்தி இருக்குன்னு சொன்னே, சரி, ஆனா "ஒரே நீலமா இருந்துச்சும்மா, பத்து நிமிஷத்துல வந்துட்டேன்"னியே, அதான் எனக்கு மனசே ஆறல. நடுவுல பெஞ்சு போட்டு வச்சிருக்கானே, அது எதுக்காம்?

நம்ம புதுக்கோட்டை பக்கத்து சித்தன்னவாசல் ஞாபகம் இருக்கா? சின்னப்புள்ளைல உனக்கு பாறை ஏறுறதுதான் முக்கியம், அந்த சமணக் குகைக்கோயில், அறிவர் கோயிலுக்குள்ள எட்டிப் பாத்துட்டு ஓடிட்டே. போன மாசம் நானும் உங்க சித்தியும் போனோம். உள்ள போன உடனே ஒண்ணும் தெரியாது, வெளி வெயில் கண்ணுல இருக்கும், மேல கூரைல வரைஞ்ச படம் ஏதோ பச்சையும் கருப்புமா திட்டு திட்டா, காரை வேற அங்கங்க உதிர்ந்து போச்சு. "இதுக்கா இவ்ளோ தூரம்"னா உங்க சித்தி. பேசாம நில்லுடின்னுட்டு அண்ணாந்து பாத்துக்கிட்டே இருந்தேன். மொதல்ல இலை தெரிஞ்சுது, அப்புறம் மொட்டு, விரிஞ்ச தாமரை, அதுக்கு நடுவுல மீனு, பறவை, யானை, எருமை. கடைசியாத்தான் ஆளுங்க தண்ணில எறங்கி பூப்பறிக்கிறது தெரிஞ்சுது, ஒருத்தன் கைல பூக்கூடை, இன்னொருத்தன் தாமரையத் தண்டோட தோள்ல சாச்சுக்கிட்டு நிக்கிறான். கழுத்து வலி உசுரு போகுது, ஆனா கண்ண எடுக்க முடியல.

தீர்த்தங்கரர் உபதேசம் பண்ற சமவசரணம்னு சமணத்துல சொல்றாங்கல்ல, அங்க போறவங்க எறங்கி பூப்பறிக்கிற குளமாம் இது. பாண்டியர் காலம், 9ஆம் நூற்றாண்டு, மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் புதுப்பிச்சதா கல்வெட்டே இருக்கு. எல்லாரும் தூண்ல இருக்குற ஆடுற பொண்ணுங்களப் பத்தியே பேசுறாங்க, எனக்கென்னமோ அந்த எருமைதான் புடிச்சுது.

மோனேக்கு கண்ணுல புரை விழுந்து 1923ல ஆபரேஷன் பண்ணி, அதுக்கப்புறமும் அந்தக் குளத்தையே திருத்திக்கிட்டு இருந்திருக்காரு. அவரு வருஷக்கணக்கா பாத்தத நீ பத்து நிமிஷத்துல முடிச்சா எப்புடிடா?

லீவு நாள்ல இன்னொரு தடவ போ. ஃபோனை பைல போட்டுட்டு பெஞ்சுல உக்காரு, எட்டையும் பாக்க வேணாம், ஒண்ணு போதும். வெளிச்சம் கூரை வழியா வருதுன்னியே, மேகம் மூடுனா அந்த நீலம் என்ன ஆகுதுன்னு பாத்துட்டு எனக்கு சொல்லு. இங்க பத்து மணிக்கு முன்னாடி கூப்பிடு, அப்புறம் அப்பா தூங்கிருவாரு.

அம்மா