செப்டம்பர் 11: இராமநாதபுரம் ஆட்சியருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்களுக்கு,

வணக்கம். ஆவணி பாதி கழிந்ததும் உங்கள் மேசைக்கு ஒரு கோப்பு வந்துவிடும். தீண்டாமையை எதிர்த்து நின்று 1957-இல் பரமக்குடியில் கொல்லப்பட்ட தியாகி இம்மானுவேல் சேகரனின் நினைவு நாள் பந்தோபஸ்துக் கோப்பு. மாவட்டத்தில் தடையுத்தரவு போடுவீர்கள். புதிய சட்டத்தில் அதன் எண் 163 ஆகிவிட்டது, சனங்களுக்கு இன்றும் அது நூத்தி நாப்பத்தி நாலுதான். வாடகை வண்டி கூடாது. சொந்த வண்டி என்றால் எண், ஓட்டுநர் பெயர், கூட வருகிறவர்கள் விவரம் எல்லாம் முன்கூட்டியே காவல் நிலையத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும். டாஸ்மாக் அடைப்பு. சோதனைச் சாவடிகள். வேறு மாவட்டங்களிலிருந்து வந்து இறங்கும் காவலர்கள்.

இதெல்லாம் வீண் என்று சொல்ல வரவில்லை. 2011-இல் இதே நாளில் பரமக்குடியில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஆறு பேர் செத்தார்கள். அதைப் பார்த்த மாவட்டம் எச்சரிக்கையாக இருப்பதில் தப்பில்லை. ஆனால் அரசின் கண்ணில் அந்த மனிதர் ஆண்டுக்கு ஒருமுறை வரும் சட்டம் ஒழுங்குப் பிரச்சினையாக மட்டுமே சுருங்கிப் போயிருப்பதுதான் உறுத்துகிறது. அவர் ஒரு படைவீரர். நானும் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவன். அந்த முறையில்தான் எழுதுகிறேன்.

இம்மானுவேல் சேகரன் முதுகுளத்தூர் வட்டாரத்தில் செல்லூரில் 1924 அக்டோபர் 9-இல் பிறந்தவர். 1945-இல் ராணுவத்தில் சேர்ந்தார். மாதச் சம்பளம், சீருடை, ஊருக்குள் வந்தால் ‘மிலிட்டரிக்காரர்’ என்று ஒரு தனி மரியாதை. அந்தக் காலத்தில் இதை உதறிவிட்டு வர எவருக்கும் மனம் வராது. அவர் வந்தார். ஒடுக்கப்பட்ட மக்களைத் திரட்டினார், ஊர் ஊராகப் போனார்.

எதற்காகப் போனார் என்பதைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்க்க வேண்டும். டீக்கடையில் இரண்டு வகைக் குவளை. சேரிக்காரர் குடித்தால், குடித்த குவளையை அவரே கழுவி, கூரை ஓலையில் செருகிவிட்டுப் போக வேண்டும். பெஞ்சு காலியாகக் கிடந்தாலும் தரையில்தான் உட்கார வேண்டும். தீண்டாமைக் குற்றங்கள் சட்டம் 1955-இல் வந்தது. அந்தக் குவளைகளை அகற்ற டெல்லியிலிருந்து யாரும் வரவில்லை, உள்ளூரில் ஒருவர் நின்று கேட்க வேண்டியிருந்தது. பட்டாளத்தில் இருந்தவர்களுக்கு இது எப்படி வலிக்கும் என்று எனக்குத் தெரியும். நான் இருந்த பட்டாலியனில் லங்கர் என்கிற சமையற்கூடம் ஒன்றுதான், வரிசை ஒன்றுதான். மெஸ் டின்னை நீட்டினால் பருப்பு விழும், யார் வீட்டுப் பிள்ளை என்று சமையல்காரர் கேட்க மாட்டார். அதே சிப்பாய் லீவில் ஊருக்கு வந்தால் பஸ் ஸ்டாண்டு டீக்கடையிலேயே தன் இடம் எது என்று தெரிந்துவிடும். ராணுவம் பழக்கிய நிமிர்ந்த நடையை ஊர் எல்லையில் கழற்றி வைத்துவிட்டு வர இம்மானுவேல் சேகரன் சம்மதிக்கவில்லை.

1957 செப்டம்பர் 10-ஆம் தேதி முதுகுளத்தூரில் அமைதிக் கூட்டம் நடந்தது. அதைக் கூட்டியவர் அன்றைய மாவட்ட ஆட்சியர், இன்று நீங்கள் இருக்கும் பதவியில் இருந்தவர். ஒடுக்கப்பட்ட மக்களின் பிரதிநிதியாக இம்மானுவேல் சேகரன் அதில் கலந்துகொண்டார். மறுநாள் இரவு பரமக்குடியில் வெட்டிக் கொல்லப்பட்டார். வயது 32. அதன் பின் வந்த வழக்கு, தீர்ப்பு, கலவரம், இரு பக்கத்து அரசியல் இவற்றுக்குள் இந்த மடல் போகாது. அவற்றைப் பேச ஆட்கள் நிறையவே இருக்கிறார்கள்.

உங்களிடம் கேட்க வேண்டியது வேறு. ஆட்சியர் என்ற முறையில் உங்களுக்குப் பல நாற்காலிகள் உண்டு. தடையுத்தரவு போடும் மாவட்ட நடுவர் நீங்கள். முன்னாள் படைவீரர்களுக்கான மாவட்ட வாரியத்தின் தலைவரும் நீங்கள்தான். டிசம்பர் 7 கொடி நாளில் உண்டியல் வசூலைத் தொடங்கி வைப்பது அந்தப் பொறுப்பில்தான். வன்கொடுமைத் தடுப்பு விதிகளின்படி அமைந்த மாவட்ட விழிப்பு மற்றும் கண்காணிப்புக் குழுவுக்கும் நீங்களே தலைவர். மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது அது கூட வேண்டும் என்பது 1995 விதி. ஒரு படைவீரர், அதுவும் தீண்டாமையை எதிர்த்து நின்று உயிர் விட்டவர். அவருடைய நினைவு நாளில் இந்த மூன்று பொறுப்புகளும் வேலை செய்ய வேண்டாமா? முதலாவது மட்டும் இரவு பகலாக வேலை செய்கிறது.

அமெரிக்காவில் மெட்கர் எவர்ஸ் என்று ஒரு கறுப்பினத்தவர் இருந்தார். இரண்டாம் உலகப் போரில் சிப்பாயாக பிரான்ஸின் நார்மண்டி வரை போய் வந்தவர். 1946-இல் சொந்த ஊரான டெகாடரில் ஓட்டுப் போடப் போனபோது ஆயுதத்தோடு வந்த வெள்ளையர் கூட்டம் அவரையும் கூட வந்த முன்னாள் சிப்பாய்களையும் விரட்டியது. மிசிசிப்பி மாநிலத்தில் கறுப்பின மக்களின் உரிமைக்காக வேலை செய்தார். 1963 ஜூன் 12-இல் வீட்டு வாசலிலேயே சுட்டுக் கொன்றார்கள். கொன்றவனுக்குத் தண்டனை கிடைக்க 1994 வரை ஆனது, அந்த நாட்டு நீதியை மெச்ச ஒன்றுமில்லை. ஆனால் ராணுவம் தன் ஆளை மறக்கவில்லை. ஆர்லிங்டன் தேசியக் கல்லறையில் முழு ராணுவ மரியாதையோடு அடக்கம் செய்தது. அவர் பெயரைத் தாங்கிய கடற்படைக் கப்பல் ஒன்று 2011-இல் கடலில் இறங்கியது. அதே 2011-இல்தான் இங்கே பரமக்குடியில் துப்பாக்கி வெடித்தது.

இங்கே ஒன்றுமே நடக்கவில்லை என்றும் சொல்ல மாட்டேன். 2010-இல் அஞ்சல்தலை வந்தது. மணிமண்டபம் கட்டப்படும் என்று 2023-இல் அரசு அறிவித்தது. நல்லது. ஆனால் மண்டபம் பொதுப்பணித்துறையின் வேலை, நான் சொல்வது உங்கள் கையெழுத்திலேயே நடக்கக் கூடியது.

செப்டம்பர் 11 காலையில், கட்சிக்காரர்களுக்கு நேரம் ஒதுக்கும் முன், முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தின் சார்பில் ஒரு மலர்வளையம் வைக்கச் சொல்லுங்கள். ஒரு பியூகிள், இறந்த வீரர்களுக்கு அதில் ஊதும் ‘லாஸ்ட் போஸ்ட்’ இசை, இரண்டு நிமிட மௌனம் போதும். பால்குடத்தோடும் முளைப்பாரியோடும் வரும் பெண்களுக்கு முன்னால் அரசு தலை குனிந்து நிற்பதை எங்கள் சனம் ஒரு தடவை பார்க்கட்டும். அவருடைய ராணுவப் பணிக் குறிப்பின் நகலை ஆவண அலுவலகத்திலிருந்து கேட்டு வாங்கி, நினைவிடத்தில் கண்ணாடிச் சட்டத்தில் மாட்டுங்கள். தலைவர்களின் படங்களோடு அச்சடித்த ஃபிளெக்ஸ் பேனர்களைவிட அந்த ஒரு தாள் அதிகம் பேசும்.

கண்காணிப்புக் குழுவின் அந்தக் காலாண்டுக் கூட்டத்தை ஆட்சியர் அலுவலகத்தின் ஏசி அறையில் நடத்தாமல் முதுகுளத்தூரில் நடத்துங்கள். எந்த ஊரில் இன்னும் தனிக் குவளை இருக்கிறது, எந்த சலூனில் முடிவெட்ட மறுக்கிறார்கள், எந்தச் சுடுகாட்டுப் பாதையில் தகராறு, வந்த புகார் எத்தனை, வழக்கானது எத்தனை, நிவாரணம் போய்ச் சேர்ந்ததா என்பதையெல்லாம் தமிழில் எழுதி தாலுகா ஆபீஸ் பலகையில் ஒட்டுங்கள். தனிக் குவளை பிளாஸ்டிக் கப்பாக மாறினால் ஒழிந்துவிட்டதாகக் கணக்கு எழுதும் அதிகாரிகளை மட்டும் கணக்கெடுப்புக்கு அனுப்பாதீர்கள்.

கூட்டத் தேதியை அறிவித்தால், இந்த வட்டாரத்து முன்னாள் படைவீரர்கள் சிலர் மனுவோடு வருகிறோம். மெடல்களை அணிந்து வரலாமா, அதற்கும் காவல் நிலையத்தில் முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டுமா என்பதைத் தெரிவித்தால் போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற படைவீரர் ஒருவர்