கடனை விற்கும்போது கணக்கையும் சேர்த்துக் கொடுக்கச் சொல்லுங்கள்

இந்திய ரிசர்வ் வங்கி ஆளுநர் அவர்களுக்கு,

வணக்கம். அடமானம் இல்லாத தனிநபர் கடன்களும் கிரெடிட் கார்டு பாக்கிகளும் வாராக் கடனான பிறகு, மொத்தமாகச் சொத்து மறுசீரமைப்பு நிறுவனங்களுக்கு (வாராக் கடன்களை வாங்கி வசூலிப்பவை) விற்கப்படுகின்றன. விலை போடும் முறை தங்களுக்குத் தெரியாததல்ல; கடன் வாங்கியவர்களுக்குத்தான் தெரியாது. அதனால் இங்கே எழுதுகிறோம்.

வாங்க வருபவர் முதலில் பார்ப்பது ஓர் எக்செல் கோப்பு. வரிக்கு ஒரு கடன்: அசல், வட்டி, அபராதக் கட்டணம், கடைசியாகப் பணம் கட்டிய தேதி, ஊர், செல்பேசி எண். உதாரணத்துக்கு, மொத்த பாக்கி 100 கோடி ரூபாய் என்று வைப்போம். மூன்று ஆண்டுகளில் முறையே 4, 2.5, 1.5 கோடி வசூலாகும் என்று கணிக்கிறார்கள். வசூல் செலவுக்கு 30 சதவீதம் போகும். மிச்சத்தை ஆண்டுக்கு 20 சதவீத லாபம் கிடைக்கும்படி இன்றைய மதிப்புக்குக் கழித்தால் சுமார் 4.15 கோடி வரும். அதற்கு மேல் கொடுத்தால் அந்த லாபம் நிற்காது. செல்பேசி எண்களில் மூன்றில் ஒரு பங்கு செயலிழந்து, வசூலும் அதே அளவு குறைந்தால், விலை 2.8 கோடிக்கு இறங்கிவிடும்.

கடன் பழசாகப் பழசாக விலை சரியும். அமெரிக்காவின் நுகர்வோர் பாதுகாப்பு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷன் 2013இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு டாலர் கடனுக்குச் சராசரியாக 4 சென்ட்தான் கொடுக்கப்பட்டிருந்தது. மூன்று ஆண்டுக்கு உட்பட்ட கடனுக்கு 7.9 சென்ட்; ஆறு முதல் பதினைந்து ஆண்டுக் கடனுக்கு 2.2 சென்ட். பெரும்பாலான தொகுப்புகளில் ஆவணம் எதுவும் கூடவே வரவில்லை.

நம் நாட்டில் அந்தக் கோப்பில் உயிரான விவரம், கடைசியாகப் பணம் கட்டிய தேதிதான். காலவரையறைச் சட்டப்படி வழக்குப் போட 3 ஆண்டு. கெடு முடியுமுன் ஒரு சிறு தொகை கட்டி, அது கட்டியவர் கையெழுத்தோடு பதிவானால், 3 ஆண்டு மறுபடி முதலிலிருந்து ஓடும். “ஐந்நூறு ரூபாயாவது போடுங்க சார்” என்ற வசூல்காரரின் கெஞ்சலுக்குப் பின்னால் இந்தக் கணக்கும் இருக்கலாம். தேதியே தவறாக இருந்தால், கெடு தாண்டிய கடனும் உயிரோடு இருப்பதாகவே துரத்தப்படும். அசலையும் அபராதத்தையும் பிரிக்காமல் ஒரே தொகையாகக் கொடுத்துவிட்டால், எதை மறுப்பது என்றே கடன்தாரருக்குத் தெரியாது. ஏற்கெனவே செட்டில்மென்ட் முடித்த கணக்கு பட்டியலில் வந்துவிட்டாலும் இதே கதிதான்.

வாராக் கடன்களை வசூலிக்கவும் விற்கவும் வழி செய்யும் 2002ஆம் ஆண்டு சர்ஃபேசி சட்டத்தின் 6ஆம் பிரிவு, கடன் கைமாறியதை வங்கி கடன்தாரருக்கு அறிவிக்க“லாம்” என்று விடுகிறது. தங்கள் உத்தரவு அதைக் கட்டாயமாக்க வேண்டும். முதல் வசூல் அழைப்புக்கு முன், விற்ற வங்கியின் கடிதமும், அசல், வட்டி, கட்டணம் தனித்தனியாகக் காட்டும் முழுக் கணக்கு அறிக்கையும், கடைசிப் பணத்துக்கான ரசீது விவரமும் கடன்தாரர் கையில் சேர வேண்டும். இவை இல்லாத கணக்குகளை ஏலத்தில் வைக்கவே கூடாது. தவறென்று தெரிந்த கணக்கின் விலையை வங்கி வாங்கியவருக்குத் திருப்பித் தந்து, சிபில் (கடன் வரலாறு) பதிவையும் தானே திருத்த வேண்டும்.

இதனால் விற்பனைக்கு வரும் கணக்குகள் குறையும் என்று வங்கிகள் சொல்லும். குறையட்டும், ஆவணம் சரியாக உள்ள கணக்குக்கு வாங்குபவர் கூடுதல் விலை கொடுப்பார்.

இப்படிக்கு,
கடன்தாரர்களுக்காகக் கணக்குப் பார்க்கும் கணக்கர்களும் வழக்கறிஞர்களும்