உன் லைப்ரரி ஏன் லிங்க் ஆகல

டேய் மச்சான்,

மெயில் பாத்தேன். இத்தன வருஷம் கழிச்சு நீ திரும்ப சி ப்ரோக்ராமிங் பக்கம் வந்திருக்கேன்னு படிச்சதும் நெஜமாவே சந்தோஷமா இருந்துச்சு. இங்க எல்லாரும் நல்லா இருக்கோம், பொண்ணு காலேஜ் ரெண்டாவது வருஷம், அவளும் இப்ப டெர்மினல்லதான் கெடக்கா.

சரி உன் விஷயம். நீ அனுப்பின எர்ரர்ல கடைசி வரிய பாரு, "எல்டி ரிட்டர்ன்ட் 1 எக்சிட் ஸ்டேட்டஸ்"னு இருக்கு. எல்டின்னா லிங்கர், கம்பைல் ஆன துண்டுகள ஒண்ணா சேத்து ஓடற ப்ரோக்ராமா ஆக்கறது. அப்படின்னா கம்பைலர் தன் வேலைய முடிச்சிருச்சு, உன் கோட்ல இலக்கணப் பிழை எதுவும் இல்ல. ஹெடர இன்க்ளூட் பண்ணியும் "அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ்" ஏன் வருதுன்னு கேட்ருக்க. ஹெடர்ல ஃபங்ஷன் பேரும், அது என்ன வாங்கும் என்ன தரும்ங்கறதும்தான்டா இருக்கு, உள்ள ஓடுற கோட் இருக்கறது லைப்ரரில, அத தேடிப் புடிச்சு சேக்கறது லிங்கரோட வேலை.

மைனஸ் சி போட்டு ஆப்ஜெக்ட் ஃபைல் (கம்பைல் ஆன துண்டு) எடுத்தது, ஏஆர் ஆர்சிஎஸ் போட்டு அந்த துண்டுகள லிப்கணக்கு.ஏங்கற லைப்ரரியா கட்டினது எல்லாம் சரிதான். சிக்கல் வரிசைலதான் இருக்கு. நீ மைனஸ் சின்ன எல் கணக்குங்கறத, அதாவது லிப்கணக்கு.ஏவ சேருன்னு சொல்றத, மெயின்.சிக்கு முன்னாடி போட்டிருக்க. லிங்கர் இடப்பக்கத்துலேர்ந்து வலப்பக்கமா படிச்சிட்டே போகும், .ஏ ஃபைல் வந்துச்சுன்னா அந்த நேரத்துல எந்தெந்த பேரு கிடைக்காம நிக்குதோ அதுக்கு வேண்டிய ஆப்ஜெக்ட மட்டும் உள்ளேர்ந்து எடுத்துக்கிட்டு நகந்துடும், உன் கேஸ்ல மெயின் இன்னும் வரவே இல்ல, யாரும் எதயும் கேக்கல, அதனால ஒண்ணையும் எடுக்காம போயிருச்சு. அப்புறம் மெயின் வந்து கேக்கும்போது திரும்பி வந்து பாக்காது. மெயின்.சி மொதல்ல, அப்புறம் மைனஸ் பெரிய எல் போட்டு ஃபோல்டர், அப்புறம் மைனஸ் சின்ன எல் கணக்கு, உன் லைப்ரரி உள்ள ஸ்கொயர்ரூட் கூப்பிடுதுல்ல, அதனால எல்லாத்துக்கும் பின்னாடி மைனஸ் எல்எம், அதான் மேத் லைப்ரரி. கூப்பிடறது முன்னாடி, கூப்பிடப்படறது பின்னாடி.

ஆமா, மைனஸ் எல்எம் இல்லாமலே ஒரு டெஸ்ட் ப்ரோக்ராம் ஓடிச்சேன்னு குழம்பியிருந்தியே. அதுல நீ ஸ்கொயர்ரூட்டுக்கு 2.0னு நேரடி நம்பர் குடுத்திருப்ப, ஜிசிசி கம்பைலர் கம்பைல் பண்ணும்போதே விடைய கணக்கு போட்டு உள்ள வச்சிடும், லைப்ரரிய கூப்பிடவே மாட்டேங்குது. வேரியபிள் குடுத்து பாரு, உடனே மைனஸ் எல்எம் கேக்கும்.

அடுத்து ஷேர்ட் லைப்ரரி, அதாவது ப்ரோக்ராமுக்குள்ள சேராம ரன் ஆகும்போது வந்து சேர்ற லைப்ரரி பண்ணணும்னு சொன்ன. மைனஸ் எஃப்பிக் போட்டு கம்பைல் பண்ணு, மைனஸ் ஷேர்ட் போட்டு .எஸ்ஓ ஆக்கு, அவ்ளோதான். ஆனா லிங்க் ஒழுங்கா ஆகியும் ரன் பண்ணும்போது லைப்ரரி கிடைக்கலன்னு நிக்கும், பயந்துடாத. பெரிய எல்லுல நீ குடுத்த ஃபோல்டர் லிங்க் பண்ற நேரத்துக்கு மட்டும்தான், ரன் ஆகும்போது தேடற லோடருக்கு அது தெரியாது. எல்டிடி போட்டு பாத்தா எது "நாட் ஃபவுண்ட்"னு காட்டிடும். சோதிச்சுப் பாக்க எல்டி_லைப்ரரி_பாத்ங்கற வேரியபிள்ல ஃபோல்டர குடுத்தா போதும், ஆனா அத ஷெல் ஸ்டார்ட்அப் ஃபைல்ல நிரந்தரமா எழுதி வைக்காத, அந்த ஷெல்லுலேர்ந்து ஓடற மத்த ப்ரோக்ராமெல்லாம் கூட அங்கதான் மொதல்ல போய் தேடும். நிரந்தரத்துக்கு ஆர்பாத் (ப்ரோக்ராமுக்குள்ளயே ஃபோல்டர எழுதி வைக்கறது), இல்லன்னா சிஸ்டம் ஃபோல்டர்ல போட்டு, லோடரோட லிஸ்ட்ட புதுப்பிக்க எல்டிகான்ஃபிக் ஓட்டு.

இந்த கட்டற வேலைய தானா பண்ண வைக்கற சிமேக் கத்துக்கட்டுமான்னு கேட்ருந்த. கத்துக்கோ, ஆனா இந்த சின்ன ப்ராஜெக்ட முழுசா கையாலயே கட்டி முடிச்சிட்டு அப்புறம் போ. சிமேக்கும் கடைசில இதே கமாண்டுகளத்தான் ஓட்டுது, அது உடையும்போது எந்த கட்டத்துல உடைஞ்சுதுன்னு உனக்கே தெரியணும்டா, இதுல நான் ரொம்ப உறுதியா இருக்கேன்.

வரிசைய மாத்தியும் அதே எர்ரர் வந்தா லிப்கணக்கு.ஏ மேல என்எம் ஓட்டு, உள்ள இருக்கற பேரெல்லாம் காட்டும். உன் ஃபங்ஷன் பேரு பக்கத்துல பெரிய டி (T) எழுத்து இருந்தா கோட் உள்ள இருக்கு, யூ மட்டும் இருந்தா அது இன்னொருத்தர்கிட்ட கேக்குதுன்னு அர்த்தம், பேரே இல்லன்னா அந்த ஆப்ஜெக்ட நீ ஏஆர்ல சேக்கவே இல்ல. அவுட்புட்ட அப்படியே எனக்கு அனுப்பு, ராத்திரி உக்காந்து பாக்கறேன்.

வீட்ல எல்லாரையும் கேட்டதா சொல்லு.