பாதி பாதி என்றால் எதில் பாதி?

திருகோணமலை

அன்பின் மச்சான்,

வீட்டில் எல்லோரும் சுகம். மகளுக்குக் கம்பஸ் கிடைத்த செய்தி கேட்டு அம்மா பத்திரகாளி கோயிலில் அர்ச்சனை செய்தா. இவ்வளவு காலம் நீ கடிதம் போடாததற்கு நேரில் சண்டை பிடிக்கிறேன். கிண்ணியாப் பாதைப் படகில் செருப்பை விட்ட ஆள்தானே, உன்னிடம் வேறென்ன எதிர்பார்க்கிறது!

விஷயத்துக்கு வாறேன். உன் ஆயுள் காப்புறுதி ஆட்களின் வாகன, கடை, விடுதிக் காப்புறுதி எல்லாம் என்னிடம் வரட்டும், என் ஆட்கள் ஆயுள் காப்புறுதிக்கு உன்னிடம் வரட்டும், கொமிசன் பாதி பாதி என்று வட்ஸ்அப்பில் ஒரே வரியில் முடித்துவிட்டாய். யோசனை நல்லதுதான். 2015இல் கம்பனிகள் ஆயுள் காப்புறுதியையும் வாகனம், கடை போன்ற பொதுக் காப்புறுதியையும் பிரித்ததிலிருந்து ஒரே வீட்டுப் படியில் இரண்டு பேர் ஏறி இறங்குகிறோம். ஆனால் கூட்டாக வேலை செய்த தடியனும் வாத்தியாரும் பிரிந்தது இதே பேச்சால்தான். இப்போது மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் கண்டாலும் முகம் பார்ப்பதில்லை.

எதில் பாதி, சொல்லு. ஒரு வாகனக் காப்புறுதி பில்லை எடுத்துப் பார். அடிக்கட்டணம் இருக்கும். வேலைநிறுத்தம், கலவரம், பயங்கரவாதத்துக்கான கட்டணம் தனியாக இருக்கும், அது தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியத்துக்குப் போகிறது. கீழே பெறுமதி சேர் வரி (வற்). தடியன் கடைசி மொத்தத்தைப் பார்த்துப் பங்கு கேட்டான். நமக்குள் அப்படி வேண்டாம். வாடிக்கையாளர் பணம் கட்டி, கம்பனி என் கணக்கில் போடும் கொமிசனில்தான் பங்கு. எனக்கு 10,000 ரூபாய் வந்தால் உனக்கு 2,500. அடுத்த இரண்டு புதுப்பிப்புக்கும் தலா 1,000. அதோடு சரி, ஏனென்றால் விபத்து நடந்த இடத்துக்கு ஓடுவதும் கராஜுக்கு அலைவதும் நான்தான்.

உன் பக்கக் கணக்கு வேறு. ஆயுளில் முதல் வருடக் கொமிசன்தான் பெரிசு, பிறகு தேய்ந்துகொண்டு போகும். ஆகவே நான் முதல் வருடத்தோடு நின்றுகொள்கிறேன். ஆள் மனம் மாறிப் பொலிசியைத் திருப்பிக் கொடுத்தாலோ, சில மாதம் கட்டிவிட்டு நிறுத்தினாலோ, கம்பனி உன்னிடம் கொமிசனைத் திரும்பப் பிடிக்கும். அப்போது என் பங்கையும் நான் திருப்பித் தரவேணும். என் ஆட்களில் பாதிப்பேர் கடல்தொழில்காரர். மாரி தொடங்கினால் தொழில் படுத்துவிடும், மாதக் கட்டுப்பணமும் சேர்ந்து படுக்கும்.

இவ்வளவும் காசுக் கதை. எனக்கு நித்திரை வராதது வேறொன்றுக்காக. போன மாரியில் உப்புவெளி விடுதிக்காரர் ஒருவர் பொலிசியை என் மேசையில் வைத்தார். சொப்பிங் பேக்குக்குள் இருந்தும் ஈரம் ஊறி, பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டி, முத்திரையின் நீலம் கரைந்திருந்தது. அறைக்குள் மெத்தை உயரத்துக்கு வெள்ளம். பிரித்துப் பார்த்தால் தீக்காப்புறுதி மட்டும்தான். வெள்ளத்துக்கான மேலதிகக் காப்பு எடுக்கவேயில்லை. "எல்லாம் கவர் ஆகும் எண்டுதானே சொன்னாங்கள்" என்றார். சொன்னது ஆளை முகவரிடம் கூட்டிக்கொண்டுபோன ஓட்டோக்காரப் பெடியன். பொலிசி விற்றால்தான் காசு என்று பேசிவைத்தால் அவன் வேறென்ன சொல்லுவான்? முகவர் அவனைக் கைகாட்டினார், அவன் முகவரைக் கைகாட்டினான். அந்த மனுசன் என் முன்னால் அழுதார், மச்சான்.

பதிவில்லாத எவருக்கும் கொமிசனில் ஒரு சதமும் போகக்கூடாது. 2000ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கக் காப்புறுதிச் சட்டம் முகவர்களைப் பதியச் சொல்வது சும்மாவா? நீ ஆளை அனுப்பும்போது, அவரிடம் கேட்டுவிட்டு, பெயரும் போன் நம்பரும் மட்டும் தா. எது கவர், எது இல்லை என்று நீ சொல்லாதே. ஆயுள் பற்றி நானும் வாய் திறக்கமாட்டேன். நமக்குள் காசு கைமாறுவதை அவருக்குச் சொல்லிவிடுவோம். நட்டஈட்டுக்கு அவர் யாரைக் கூப்பிடவேணும் என்பது பெயரோடு தாளில் இருக்கட்டும்.

வரைவை இதோடு வைத்திருக்கிறேன், ஒரு பக்கம்தான். நாளைக்கு நாம் பிரிந்தால் யாருடைய ஆள் யாருக்கு என்ற பந்தியை வெறுமையாக விட்டிருக்கிறேன், அதை நீ எழுது. முதலில், கொமிசனைப் பகிர உன் கம்பனி விடுமா என்று கிளை மனேஜரிடம் எழுத்தில் வாங்கு. என் பக்கம் நான் கடிதம் கொடுத்துவிட்டேன். இரண்டு பதிலும் வரும்வரை அந்த நிலாவெளி ஆளின் நம்பரைக் கேட்டு நச்சரிக்காதே, தரமாட்டேன்.

அன்புடன்,
உன் மச்சான்