நங்காட்டு செய்யும் பலகையருகே எனக்கும் இடம் தந்தவர்களுக்கு

அன்புள்ள அக்காமார்களுக்கும் பெரியம்மாக்களுக்கும்,

டோங்கா நாட்டின் டோங்காடாப்புத் தீவில் உங்களோடு உட்கார்ந்து நங்காட்டு என்கிற மரப்பட்டைத் துணி செய்யக் கற்றுக்கொண்டு ஊர் திரும்பிவிட்டேன். கிளம்பும்போது உங்கள் மொழியில் "மாலோ அவுபிட்டோ" என்று நன்றி சொன்னேன்தான். ஆனாலும் மனசு ஆறவில்லை. உங்கள் கைவேலை என் ஊர்க்காரர்களுக்கும் தெரிய வேண்டும் என்ற ஆசையில் இதைத் தமிழில் எழுதுகிறேன். ஆங்கிலப் பிரதியை உங்கள் பேத்தியிடம் அனுப்பியிருக்கிறேன், அவள் வாசித்துச் சொல்வாள்.

முதல் நன்றி ஹியாப்போ பயிரிடும் அண்ணனுக்கு. காகித முசுக்கட்டை என்கிற இந்தச் செடி டோங்காவில் விதை விடுவதில்லை. வேரிலிருந்து கிளம்பும் கன்றைப் பிரித்துப் பிரித்து நட்டே தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றி வந்திருக்கிறீர்கள். பசிபிக் தீவுகளின் ஹியாப்போவுக்குத் தைவான்தான் பூர்வீகம் என்று 2015-இல் வந்த மரபணு ஆய்வு சொல்கிறது. அவ்வளவு தூரம் படகில் வந்த செடி! பக்கத் தளிரை அண்ணன் விடாமல் கிள்ளிக்கொண்டே இருப்பார். கிளை விட்டால் அந்த இடத்தில் பட்டை ஓட்டையாகிவிடும், துணியிலும் அது தெரியும்.

அடுத்து, இக்கேயை என் கையில் கொடுத்த பெரியம்மாவுக்கு. சவுக்கு மரத்தில் செதுக்கிய அந்த நாலு பக்கச் சுத்தியலில் மூன்று பக்கம் வரி வரியாகப் பள்ளம், ஒரு பக்கம் வழவழப்பு. மேல்தோல் நீக்கி ஊறவைத்த உள்பட்டையை வரிப் பக்கத்தால் தட்டினால் நார் விரிந்து அகலமாகும். அப்புறம் வழவழப்புப் பக்கத்தால் தட்டிச் சமன் செய்ய வேண்டும். என் அடி ஓங்கி விழுந்தபோதெல்லாம் பெரியம்மா வாயால் ஒன்றும் சொல்லவில்லை. என் மணிக்கட்டைப் பிடித்து, சுத்தியலின் கனத்தையே இறங்க விட்டார். அதற்கப்புறம்தான் சத்தம் மாறியது. கொடுத்து வைத்தவள் நான்.

எல்லோரும் கூடித் தாள்களை ஒட்டிச் சாயம் தேய்க்கும் கோகாஅங்கா நடந்த நாட்களைப் பற்றி எவ்வளவு எழுதினாலும் போதாது. நீள வாக்கில் வளைந்த பலகை, அதன் மேல் குப்பேசி அச்சுகள், இரு புறமும் நீங்கள். தாழை ஓலையின் மேல் தென்னை ஈர்க்கை வளைத்துத் தைத்த அந்த அச்சுகளைத் தைத்த அக்காவுக்குத் தனியாக ஒரு கும்பிடு. ஒற்றை ஈர்க்குப் பிசகினாலும் கோடு பிசகும். தட்டிய தாள்களைக் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு அடுக்காக விரித்து, கிழங்குப் பசை தடவி ஒட்டி, கோகா மரப்பட்டையை நாரில் முறுக்கிப் பிழிந்த சாயத்தை அழுத்தித் தேய்த்தீர்கள். அடியில் இருந்த அச்சு மெல்ல மேலே வந்தது. அரண்மனைப் பக்கத்துப் பைன் மரச்சாலை, இரட்டைப் பறவை மனுலுவா, நாட்டின் அரசச் சின்னம் எல்லாம் என் உள்ளங்கைக்குக் கீழேயே தெளிந்தன. ஒரு பகுதி முடிந்ததும் துணியை நகர்த்தி அடுத்ததைத் தொடங்குவீர்கள். விளிம்பில் எண் போடும் வேலையை என்னிடம் விட்டீர்கள் பாருங்கள், அந்த நம்பிக்கையை எப்படி மறப்பேன்? பிறகு காயவைத்து, தாழம்பழச் சுளையின் காய்ந்த நாரையே தூரிகையாக்கிக் கோடுகளுக்குக் கருமை ஏற்றினீர்கள்.

நியூசிலாந்தின் வெலிங்டனில் டே பாப்பா அருங்காட்சியக ஊழியர்களுக்கும் நன்றி. எலிசபெத் ராணியின் முடிசூட்டையொட்டி 1953-இல் செய்த லவுனிமா ஒன்று அவர்களிடம் இருக்கிறது. லவுனிமா என்றால் ஐம்பது பகுதி நீளமுள்ள நங்காட்டு, இருபது மீட்டருக்கும் மேல். 1965-இல் உங்கள் சலோட்டே ராணியின் உடலை நியூசிலாந்திலிருந்து விமானத்தில் கொண்டுவந்தபோது சவப்பெட்டிக்கு அடியில் விரித்தது அதைத்தான். அதன் கதையை எனக்குப் பொறுமையாகச் சொன்னார்கள்.

ஆக்லாந்தில் ஹியாப்போ கிடைக்காமல் கடையில் வாங்கிய செயற்கைத் துணியில் நங்காட்டு செய்யும் டோங்காப் பெண்களையும் சந்தித்தேன். அதைப் போலி என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. கூடி உட்காருவதும் சாயம் தேய்ப்பதும் பாட்டும் அங்கேயும் அப்படியேதான் இருக்கின்றன. வீட்டுக்குள் கூப்பிட்டுச் சோறு போட்ட அவர்களுக்கும் நன்றி. உங்கள் தலைநகர் நுகுஅலோஃபாவின் சந்தையில் நங்காட்டுக்குப் பேரம் பேசுகிறவர்களைப் பார்த்தால் இனி எனக்குக் கோபம்தான் வரும்.

நாம் சேர்ந்து செய்த துணி ஒரு துக்க வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது என்று தகவல் அனுப்பியிருந்தீர்கள். அந்தக் குடும்பத்துக்கு என் அனுதாபத்தைச் சொல்லிவிடுங்கள். என் கையும் பட்ட துணியை அவர்கள் ஏற்றுக்கொண்டதற்கு நான் கடமைப்பட்டவள்.

அடுத்த கோகாஅங்காவுக்கு நாள் குறித்ததும் சொல்லி அனுப்புங்கள். பசை காய்ச்சும் வேலையை எனக்கு ஒதுக்கி வையுங்கள், வந்துவிடுகிறேன்.

அன்புடன்,
உங்கள் தமிழ்த் தங்கை