மாடியில் பிடித்தாலும் புகை வீட்டுக்குள்தான்

அன்புள்ள செல்விக்கு,

உன் கடிதம் கிடைத்தது. முத்தியால்பேட்டை வீட்டில் மாடி கட்டி முடித்ததில் ரொம்ப சந்தோஷம். மஞ்சக்குப்பத்தில் நாங்கள் எல்லோரும் நலம். மழைதான் விட்டபாடில்லை.

இவர் எப்படி சிகரெட்டை விட்டார், அண்ணன் எவ்வளவு சொன்னாலும் கேட்க மாட்டேன் என்கிறாரே என்று எழுதியிருந்தாய். விவரமாகவே சொல்கிறேன்.

சின்னவனுக்கு இளைப்பு இருப்பது உனக்குத் தெரியும். ராத்திரியில் விலா எலும்பு தெரியத் தெரிய இழுத்து மூச்சு விடுவான். குழந்தை டாக்டர் ஒருநாள் இவரிடம் நேராகவே கேட்டார். "மாடிக்குப் போய்த்தான் சார் பிடிக்கிறேன்" என்றார் இவர். புகை காற்றோடு போனாலும் அதன் நச்சு சட்டை, விரல், தலைமுடி, தலையணை உறை என்று எல்லாவற்றிலும் படிந்துவிடுமாம். கடைசி இழுப்புக்குப் பிறகும் கொஞ்ச நேரம் மூச்சில் வருமாம். "அந்தச் சட்டையோடதானே பிள்ளையைத் தூக்குறீங்க?" என்றார் டாக்டர். வீடு வரும்வரை இவர் பேசவே இல்லை.

நான் வருஷக்கணக்காகச் சொல்லியும் நடக்காதது அதற்கப்புறம்தான் நடந்தது. ஆனால் மனசு வைத்தால் மட்டும் போதாதுடி, உடம்பு சிகரெட்டில் பழகிப்போன நிகோடினைக் கேட்கும். முதல் வாரம் எதற்கெடுத்தாலும் எரிச்சல், தூக்கமில்லை, காலையில் வயிறுகூட சரியாகப் போகவில்லை. அந்த நேரத்தில் நாமும் எதிர்த்துப் பேசினால் நேரே பெட்டிக்கடைக்குத்தான் போவார்கள். நான் வாயைத் திறக்கவில்லை.

டாக்டர் நிகோடின் சூயிங்கம் எழுதிக்கொடுத்தார். அதைச் சும்மா மென்றுகொண்டே இருக்கக் கூடாது. காரம் ஏறும்வரை மென்று கன்னத்தில் ஒதுக்க வேண்டும், காரம் அடங்கினால் மறுபடி மெல்ல வேண்டும். டீ, காபி குடித்து கால் மணி நேரமாவது ஆன பிறகுதான் போட வேண்டும், இல்லையென்றால் மருந்து சரியாக ஏறாது. இவருக்கு டீயும் சிகரெட்டும் சேர்ந்தே பழக்கம் என்பதால் சாயங்கால டீக்கடையை விட்டுவிட்டு சில்வர் பீச் பக்கம் நடக்க ஆரம்பித்தார். ஆசை வந்தால் சில நிமிஷம் தாக்குப்பிடித்தால் போதும், தானாகவே அடங்கிவிடுகிறது என்கிறார்.

சிகரெட் பாக்கெட்டிலேயே, விட நினைப்பவர்களுக்கு உதவ 1800 11 2356 என்று ஒரு நம்பர் இருக்கும், பார்த்திருப்பாய். காசு கிடையாது, தமிழிலும் பேசுவார்கள். அண்ணனைக் கூப்பிடச் சொல். விட்ட ஒரு வருஷத்தில் மாரடைப்பு அபாயம் பிடிப்பவர்களுக்கு இருப்பதில் பாதியாகக் குறைந்துவிடும் என்பதையும் சொல். அவருக்கு பிரஷர் வேறு இருக்கிறதே, எனக்கு அதுதான் கவலை.

சின்னவனுக்கு இளைப்பு முழுசாகப் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். இன்ஹேலர் இன்னும் இருக்கிறது. ஆனால் நடுராத்திரியில் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடுவது நின்றிருக்கிறது.

மாசி மகத்துக்கு தேவனாம்பட்டினம் வருவீர்கள்தானே? அண்ணனையும் கட்டாயம் அழைத்து வா. இவரே பேசுகிறேன் என்கிறார். நாம் சொல்வதைவிட, பிடித்து விட்டவர் சொன்னால் காதில் ஏறும்.

அன்புடன்,
கலா